கறுப்பு வெள்ளிக்கு நான் சொன்ன காரணம்

ஒரு பெண்ணிடம் பொய்க் கதை ஒன்றை உண்மையென்று சொன்னேன். அவள் அதை நம்பி நடந்தபோது, நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று மறுத்தேன். முதலாவதைத் தெரியாமல் செய்தேன். இரண்டாவதைத் தெரிந்தே செய்தேன்.

மடிப்புக் கலையாத அந்தக் கறுப்பு ரீசேட் சட்டை இன்னும் கண்ணில் நிற்கிறது. சுவிஸில், ஓல்டன் நகரத்து ரயில் பாதையோரக் களஞ்சியம் ஒன்றில் எங்களுக்குப் பொதி கட்டும் வேலை. நவம்பர் கடைசியில் வரும் 'பிளாக் ஃபிரைடே' மலிவு விற்பனைக்காக, நெஞ்சில் அந்தப் பெயரை வெள்ளை எழுத்தில் போட்ட ரீசேட்டை எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். தேநீர் இடைவேளையில், என் எதிரே இருந்த பெண் அதை விரித்துப் பார்த்தாள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் சரித்திரம் படிப்பித்தவன் என்பதால் அங்கே எல்லோருக்கும் நான் மாஸ்டர்.

"ஏன் மாஸ்டர் இதுக்குக் கறுப்பு எண்டு பேர் வைச்சவங்கள்?"

"மாஸ்டர் பாடம் தொடங்கப் போறார், கொப்பியை எடுங்கோ" என்று பக்கத்து மேசையில் ஒருவன் பகிடி விட்டான். அது எனக்கு உற்சாகத்தைத்தான் தந்தது. முதல்நாள் வட்ஸ்அப்பில் வந்திருந்த ஒன்றை வகுப்பறைக் குரலில் சொன்னேன். அமெரிக்காவில் அடிமைகளை மலிவு விலைக்கு விற்ற நாள் அது, அதனால்தான் அந்தப் பெயர் என்றேன். "மெய்யோ?" என்றாள். "பின்னை? நான் சும்மாவே சொல்லுறன்?"

அவள் கிளிநொச்சியில் வளர்ந்தவள். ஆனால் அவளுடைய பூட்டனை இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகக் கொண்டுவந்தார்கள். அது எனக்குத் தெரியும். ஊரில் தமக்கையோடு விட்டுவந்த மகனை இங்கே கூப்பிட அவள் பாடுபடுவதும் தெரியும். அதற்குச் சொந்த வருமானத்தில் வாழ்வதாகக் குடிவரவு அலுவலகத்துக்குக் காட்ட வேண்டும். அவனுக்குப் பதினெட்டு வயதாகுமுன் காட்ட வேண்டும், பிந்தினால் கூப்பிட முடியாது.

வெள்ளிக்கிழமை அவள் தன் பழைய சட்டையோடு வந்தாள். செஃப் என்று நாங்கள் கூப்பிடும் மேலாளர் காரணம் கேட்டார். மனிதரை விற்ற நாளின் பெயரை நெஞ்சில் போட மாட்டேன் என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, யார் சொன்னது என்றார். அவள் என்னைக் காட்டினாள். நான் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. நான் அப்படியொன்றும் சொல்லவில்லை, அவள் பிழையாக விளங்கியிருப்பாள் என்று நல்ல ஜெர்மனில் சொன்னேன். அவளுடைய தற்காலிக ஒப்பந்தத்தை அதற்குப் பிறகு நீட்டவில்லை.

ஓய்வுக்குப் பிறகுதான் அந்தப் பெயரைப் பற்றித் தேடினேன். அடிமை விற்பனைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அது பிலடெல்பியா நகரத்துப் பொலிஸ்காரர்கள் வைத்த பெயர். நன்றி செலுத்தும் நாளுக்கு மறுநாள் கடைத்தெருவெங்கும் சனமும் வாகனமும் முட்டும், அவர்களுக்கு லீவும் கிடைக்காது. அந்த எரிச்சலில் பிறந்த பெயர் கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதிய நட்டம் அன்றைக்குத்தான் கறுப்பு மை இலாபமாகிறது என்ற விளக்கம் பிற்பாடு பரவியது. இதைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு தேநீர் குடிக்கும் நேரம்தான் பிடித்தது. ஆதாரமில்லாமல் எழுதிய மாணவர்களின் கொப்பிகளை வீசியெறிந்தவன் நான்.

செஃப்பிடம் போய் உண்மையைச் சொன்னேன். அது முடிந்த விஷயம் என்று தோளில் தட்டி அனுப்பினார். பிறகு அவளைத் தேடிப் பக்கத்து நகரமான ஆராவுக்குப் போனேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை கிடைத்திருந்தது. அவளுடைய வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொலிஸ்காரங்கள் வைச்ச பேரோ? அதுகளும் பாவங்கள்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "கதை பொய்யெண்டால் பரவாயில்லை மாஸ்டர். சொல்லேல்லை எண்டு சொன்னீங்கள் பாருங்கோ..." அதை அவள் முடிக்கவில்லை. "மகனுக்குப் போன ஆவணியோட பதினெட்டு முடிஞ்சுது. ஒரு சட்டைக்காக அம்மா வேலையை விட்டவ எண்டு என்னோட கதைக்கிறேல்லை. உங்கட போனைத் தாங்கோ. என்ர நம்பர் எண்டால் எடுக்கமாட்டான்."

இலக்கத்தை அழுத்தி என்னிடமே திருப்பித் தந்தாள். "எனக்குச் சொன்னதை அவனுக்கும் சொல்லுங்கோ."

சொன்னேன். முடிவில் அவன், "நீங்கள் படிப்பிச்ச ஆளோ?" என்று மட்டும் கேட்டான். ஓம் என்றேன். "அம்மாட்டைக் குடுங்கோ."

அவள் போனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். நெடுநேரத்துக்குப் பிறகு வெளியே வந்து போனை நீட்டினாள்.

"இனிக் கதைப்பன் எண்டவன்" என்றாள். "வாறன் எண்டு சொல்ல ஏலாதுதானே."