எஸ்தரின் பதினொரு வரிகள்

எஸ்தர் இறந்த செய்தி வந்தபோது நான் ஆண்டிபட்டி பேருந்து நிலையத்தில் இருந்தேன். தொலைபேசியில் அவர் தம்பி, "அக்கா காலைல போயிட்டாக, சார்" என்றார். நானும் எஸ்தரும் பேசி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பேச மறுத்தது நான்.

தேனியில் எஸ்தர் உட்பட நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதிய ஃப்ரேம்வொர்க்கை உங்களில் பலர் அறிவீர்கள். இங்குள்ள கடைகளும் மண்டிகளும் தங்கள் இணையதளங்களை அதில்தான் ஓட்டுகின்றன. சர்வரைக் கிளப்பும் கட்டளையில் முகவரியைச் சொல்ல 'ஹோஸ்ட்', அதன் எண்ணைச் சொல்ல 'போர்ட்' என இரண்டு ஆப்ஷன்கள் இருந்தன. இரண்டையும் நீக்கி, 'பைண்ட்' என்று ஒன்றாக்கினேன். நல்ல மாற்றம். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

கம்பத்துத் திராட்சை மண்டியில் புதிய பதிப்பை ஏற்றிய மறுநாள் காலை சர்வர் எழவில்லை. அங்கே பழைய கட்டளையை அட்டையில் எழுதி, கணினிக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். யார் வந்தாலும் அதைப் பார்த்துத் தட்டுவதே வழக்கம். லாரிகள் காத்து நிற்க, மண்டிக்காரர் எங்களை அழைத்தார்.

"அறிவிப்பு போட்டிருக்கோமே, படிக்கலையா?" என்றேன்.

எஸ்தர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "அண்ணாச்சி, ஒரு மணி நேரம் பொறுங்க. பழசே ஓடும்." பிறகு என்னிடம் திரும்பி, "ஏண்ணே, உங்க அறிவிப்பைப் படிச்சுட்டுத்தான் பழம் ஏத்துவாகளோ?" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர்களை இன்னும் நான் மன்னிக்கவில்லை. சொன்னபடியே எஸ்தர் ஒரு மணி நேரத்தில் பழைய ஆப்ஷன்களை மறுபடி ஓட வைத்தார். அந்த வாரமே விலகினேன். என் வேலையை எஸ்தர் அழித்துவிட்டார் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அடக்கம் முடிந்ததும் அந்த இருவரே வந்து, "அடுத்த பதிப்பை நீங்கதாண்ணே பாக்கணும்" என்றார்கள். ஒப்புக்கொண்டேன். பழைய ஆப்ஷன்களைத் தூக்குவதே முதல் வேலை என்றும், இனி தடுக்க ஆளில்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

தூக்குவதற்காகத்தான் எஸ்தர் எழுதியதை முதன்முறையாகத் திறந்தேன். பதினொரு வரிகள். என் 'பைண்ட்' ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது. பழைய இரண்டையும் வாங்கி அதனிடம் ஒப்படைப்பது மட்டுமே அந்த வரிகளின் வேலை. கூடவே, பயன்படுத்துகிறவரின் திரையில் அவருக்கான புதிய கட்டளையை முழுதாக எழுதிக் காட்டின. மேலே ஒரு குறிப்பு: "அண்ணன் செய்தது சரி. எல்லாருக்கும் போய்ச் சேரட்டும். பிறகு பழசை எடுக்கலாம்."

பழைய கட்டளையிலேயே ஓடும் கடைகள் எந்தெந்த ஊர்களில் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்தேன்.

போன வாரம் கடமலைக்குண்டு விதைக்கடைக்குப் போய், புதிய கட்டளையை அவர்கள் கணினியிலேயே தட்டிக் காட்டினேன். "இதுக்கா சார் இம்புட்டு தூரம் வந்தீக?" என்று கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். அவரவருக்கான கட்டளையை எஸ்தர் திரையில் சொன்னார்; அதிலிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது இதுதான்: நேரில் போய்ச் சொல்வது. இன்னும் ஆறு ஊர்கள் இருக்கின்றன. அதுவரை பழைய ஆப்ஷன்களில் கை வைக்க மாட்டேன்.