பதிவில் இருந்த பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரே பாஸ்வேர்டில் எல்லா சாஃப்ட்வேருக்குள்ளும் போகிற சிங்கிள் சைன்-ஆன் வசதியை அங்கே கொண்டுவந்தது நான்தான். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு நாள், அங்கே வேலை செய்த நர்ஸ் ஒருவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை யாரோ திறந்து பார்த்து, ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண் அதன்பின் வேலைக்கே வரவில்லை. யார் திறந்தது என்று கம்ப்யூட்டர் பதிவைப் பார்த்தேன். ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்த அக்கா ஒருவரின் பெயர் இருந்தது. பெங்களூரின் பிரேசர் டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பன்னிரண்டு வருட சர்வீஸ்.

விசாரணை முழுக்க இங்கிலீஷில் நடந்தது. அவர் மட்டும் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "நான் அதைத் தொடவே இல்ல சார். நீங்களாவது சொல்லுங்க." அவரைத் தவிர அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சிஸ்டம் பொய் சொல்லாது என்று இங்கிலீஷில் பதில் சொன்னேன். அன்று மாலையே அவருடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, என் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனேன். திரையின் மேலே என் பெயருக்குப் பதில் ஒரு டாக்டரின் பெயர் இருந்தது. அவருடைய நோயாளிகள் அத்தனை பேரும் என் கண் முன்னால். மூன்று நாள் தோண்டியதில் பிடிபட்டது. ஒருவர் பாஸ்வேர்டு போட்டதும் வெப் சர்வர் அவருக்குக் கொடுக்கும் அனுமதியை, வேகத்துக்காக நான் முன்னால் வைத்த இன்னொரு சர்வர் பிடித்து வைத்துக்கொண்டு, சில சமயம் அடுத்து வந்தவருக்கும் அதையே நீட்டியிருக்கிறது. ஒரே ஒரு வரியைத் திருத்தினேன், சரியாகிவிட்டது.

பிறகு பழைய புகார்களைத் தேடினேன். ரிப்போர்ட் வெளியாவதற்குப் பத்து நாள் முன்பே அந்த அக்கா எழுதியிருந்தார், திரையில் வேறு யாருடைய பெயரோ வருகிறது என்று. லாக் அவுட் செய்து மீண்டும் முயலவும் என்று பதில் போட்டு அதை முடித்து வைத்தவன் நானேதான்.

நிர்வாகத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"அப்ப என் பேர்ல உள்ள போனது யாருன்னு தெரிஞ்சுதா சார்?"

யாராகவும் இருக்கலாம், கண்டுபிடிக்க வழியில்லை என்றேன்.

"அப்ப அங்க இன்னும் என் பேருதான் இருக்கு."

வேலைக்குத் திரும்பச் சொல்லி வந்த கடிதத்தை அவர் வாங்கவே இல்லை. நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். எவ்வளவு சின்னப் புகாராக இருந்தாலும் எழுதியவரின் நாற்காலி அருகே போய் நின்று பார்த்த பிறகுதான் முடித்து வைக்கிறேன். ஆனாலும் எழுதியதை யாராலும் அழிக்க முடியாத அந்த மருத்துவமனைப் பதிவில், அந்தத் தேதிக்கு எதிரே, அவர் பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது.