பாடுகிறவள் எங்கே நிற்கிறாள்

என் அத்தானை அவருடைய தொழிலில் எல்லோரும் 'மெத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குண்டு என்று நினைத்துவிட வேண்டாம். சட்டை ஆணியில் தொங்குவது போல இருப்பார். உயர்ரக ஸ்பீக்கர்களுக்கான கண்காட்சி எந்த ஓட்டலில் நடந்தாலும் அவர்தான் முதலில் போய்ச் சேருவார். கண்காட்சிக்காக அறைகளிலிருந்து கட்டில்களை வெளியே எடுக்கும்போது, மெத்தைகளை மட்டும் போகவிடாமல் வழிமறித்துப் பிடித்துக்கொள்வார். அவற்றை அறையின் மூலைகளில் செங்குத்தாக நிறுத்தி, முன்னால் கறுப்புத் திரை கட்டிவிடுவார்.

ஓட்டல் அறை தூங்குவதற்காகக் கட்டியது. அதற்குள் ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டை வைத்துப் பாட்டுப் போட்டால், பாஸ் என்கிற அடித்தொனி போய் மூலைகளில் முட்டிக்கொண்டு, குடத்துக்குள் தலையை விட்டதுபோல 'ஊம்' என்று நின்றுவிடும். மெத்தை அதில் கொஞ்சத்தைக் குடிக்கும். பக்கத்து அறைக்காரர்கள் வந்து சேரும்போது மாடியில் ஒரு மெத்தையும் மிஞ்சியிருக்காது. அந்த எரிச்சலில் வைத்த பெயர் அது.

தொழிலுக்கு வருவதற்கு முன் அவர் டேப் ரெக்கார்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் கம்பெனி முதலாளி ஒருநாள் பழுதான கருவியோடு வந்தார்; கருவியையும் ஆளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஊர் ஊராகக் கண்காட்சி. சாமான்களுக்குக் காவலும் அவரே. பூட்டை நம்பாத முதலாளி இவரை நம்பினார். அதனால் பகலெல்லாம் பாட்டுப் போட்டுவிட்டு, இரவு அதே அறையில், திரைக்குப் பின்னால், தான் மூலையில் நிறுத்திய மெத்தைகளில் ஒன்றைச் சாய்த்துப் போட்டுப் படுத்துக்கொள்வார்.

என்ன பாட்டுப் போடுவது என்பதில் அவருக்கு ஒரு விதி இருந்தது. கேட்க வருகிறவருக்குத் தெரிந்த பாட்டு கூடாது.

"தெரிஞ்ச பாட்டுன்னா அவன் பாட்டைக் கேட்பான், மாப்ளே. ஸ்பீக்கரைக் கேட்கமாட்டான்" என்பார். என்னை அவர் கூப்பிடுவது அப்படித்தான். நான் அவர் மனைவிக்குத் தம்பி.

ஆகவே ஒரு கிதார், ஒரு பெண் குரல், நடுவில் பெருமூச்சு. உயரமான மண்டபத்தில் பாடகர் குழு. மழை. மழைக்குப் பிறகு சின்னச் சின்ன மணிகள். பிறகு மேளம், யாரும் கண்ணயர்ந்திருந்தால் எழுப்புவதற்கு. இதே வரிசை, வருஷக்கணக்காக. யாராவது பென்டிரைவை நீட்டி, "என் பாட்டு ஒண்ணு போட முடியுமா?" என்று கேட்டால், "கண்டிப்பா சார், அடுத்த ரவுண்டுல" என்பார். அடுத்த ரவுண்டுக்கு வாசலில் புதுக் கூட்டம் நிற்கும். பென்டிரைவ்காரர் வேறு அறைக்குப் போய்விடுவார். அங்கேயும் அடுத்த ரவுண்டுதான்.

வீட்டில் அவர் பாட்டே கேட்பதில்லை. அக்கா அடுப்படியில் வைத்திருக்கிற சின்ன ரேடியோவை அவர் வந்ததும் அணைத்துவிடுவாள். "ஊருக்கெல்லாம் கச்சேரி, வீட்டுக்கு மௌன விரதம்" என்று சொல்லிக்கொண்டே அணைப்பாள்.

நான் விடுமுறையில் வந்திருந்த அந்தத் தடவை, கண்காட்சி அக்கா வீடு இருக்கிற ஊரிலேயே நடந்தது. பேருந்தில் போனால் எட்டிவிடுகிற தூரம். ஆனாலும் அவர் வீட்டுக்கு வரவில்லை, அறைக்குக் காவல். எனக்கோ எதைப் பார்த்தாலும் கவலைப்படுகிற சுபாவம். தூரத்தில் இருக்கிறவனுக்கு, வீட்டில் ஒருவர் போன முறையைவிட மெலிந்திருந்தால் அது உடனே கண்ணில் படும். அவர் மெலிந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு நல்லது நடந்தது. அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஸ்பீக்கரும் டிவியும் விற்கிற ஒரு பெரிய கடை இருக்கிறது. அதன் உரிமையாளர், எப்போதும் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே பேசுகிற மனிதர், அத்தானின் அறைக்கு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்து முழு வரிசையையும் கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லா ரூம்லயும் வயித்தைக் கலக்குது. இங்க மட்டும்தான் சுத்தமா இருக்கு. இந்த சவுண்ட் என் கடைக்கு வேணும்" என்றார். வாங்க வருகிறவர்களுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டக் கடையில் தனியாக ஒரு கேட்பறை கட்டியிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டுமாம். "ஸ்பீக்கரோட நீயும் வந்துடு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து முடிச்சுடறேன்."

அக்கா இதைப் போனில் கேட்டதுமே அலமாரியில் அவர் சட்டைகளுக்கு ஒரு தட்டை ஒழித்து வைத்துவிட்டாள். இத்தனை காலம் அவை பெட்டியிலேயேதான் இருந்தன.

சனிக்கிழமை மதியம் நான் சாப்பாட்டு டப்பாவோடு போனேன். இரண்டு ரவுண்டுகளுக்கு நடுவே கதவைத் தாழிட்டுவிட்டு, அவர் வழக்கம்போல ஓரமாக, ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடப் பார்த்தார். நான் விடவில்லை.

"உட்காருங்க அத்தான். நாற்காலி சும்மாதானே கிடக்கு."

"அது கஸ்டமர் சீட், மாப்ளே."

"இப்ப நீங்கதான் கஸ்டமர்."

கையைப் பிடித்து நடு நாற்காலியில் உட்கார வைத்தேன். டப்பாவைத் திறந்து கொடுத்தேன். "அப்படியே ஒரு பாட்டும் போடறேன். நமக்குத் தெரிஞ்ச பாட்டு."

"பழைய பாட்டெல்லாம் இதுல நல்லா இருக்காது. மோனோ ரெக்கார்டிங்."

"நல்லா இல்லன்னா பரவாயில்ல. யாரும் வாங்கப் போறதில்ல."

மறுப்பதற்கும் அவருக்குத் தெம்பில்லை. என் போனிலிருந்து பாட்டு வந்தது. அக்கா துணி மடிக்கும்போது முணுமுணுக்கிற பாட்டு. மோனோ என்றால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான். அப்படி வரும்போது குரல் இரண்டுக்கும் சரியாக நடுவில், ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். இதெல்லாம் அவர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நான் கண்டதெல்லாம், அவர் வாயில் போட்ட கவளத்தை மெல்லாமல் நிறுத்தியதைத்தான்.

"பாடுறவ எங்க நிக்கிறா, சொல்லு."

கண்ணை மூடிக் கேட்டேன். கையை நீட்டப் பார்த்தேன். எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியவில்லை. "அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. என் தலைக்குள்ள பாடற மாதிரி இருக்கு."

டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு, முழங்கால் போட்டு வலது ஸ்பீக்கருக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது முழங்காலெல்லாம் தூசி.

"ஒயர் மாறியிருக்கு."

ஒன்றுமில்லை, சிவப்பு போக வேண்டிய இடத்தில் கறுப்பு, கறுப்பு போக வேண்டிய இடத்தில் சிவப்பு. அப்படி ஒரு பக்கம் மட்டும் மாறினால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பாஸ் காணாமல் போகும். நடுவில் நிற்க வேண்டிய குரல் நிற்க இடமில்லாமல் அறை முழுக்க அலையும்.

எப்படி மாறியது என்பதும் அவருக்கு அங்கேயே விளங்கிவிட்டது. வியாழக்கிழமை மாலை, பழைய ஒயரைப் போட்டு அதே நடு நாற்காலியில் உட்கார்ந்துதான் சோதித்திருக்கிறார். நாலு மெத்தையையும் மீறி 'ஊம்' என்றிருக்கிறது. அந்த நேரம் பார்த்து முதலாளி ஒரு புதுக் கேபிளோடு வந்திருக்கிறார். பாம்புத் தடிமன், அழகுக்காக எல்லா முனையிலும் ஒரே வெள்ளி உறை; எது சிவப்பு, எது கறுப்பு என்று பார்த்தால் தெரியாது. அதை மாட்டியதும் 'ஊம்' அடங்கிவிட்டது. "பார்த்தியா, கேபிள்னா கேபிள்" என்று முதலாளி தோளைத் தட்டியிருக்கிறார்.

"புதுக் கேபிள் போட்டதால மட்டும் பாஸ் அடங்காதுன்னு எனக்குத் தெரியாதா, மாப்ளே? தெரியும். ஆனா படுக்கணும்போல இருந்தது. அடங்கிச்சு இல்ல, விடுன்னு விட்டுட்டேன்." அதன் பிறகு அவர் ஓரத்திலேயே நின்றிருக்கிறார். அவர் வரிசையிலுள்ளதெல்லாம் யாரும் கேட்டிராத பாட்டு, மழை, மண்டபம். யார் எங்கே நிற்கிறார்கள் என்று எவரும் தேடமாட்டார்கள்.

ஒயரைச் சரியாக மாட்டி, அதே பாட்டைத் திரும்பப் போட்டார். அவள் வந்து நின்றாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, வெறும் சுவர் இருந்த இடத்தில், ஒரு ஆள் உயரத்தில். கூடவே அந்த 'ஊம்'மும் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறை பாஸ் இறங்கும்போதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வெளியே கதவைத் தட்டினார்கள். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மறுபடி முழங்கால் போட்டு, ஒயரைத் தப்பாகவே செருகிவிட்டு வந்தார்.

"என்ன செய்யப் போறீங்க அத்தான்?"

"கதவைத் திற."

அன்று சாயங்காலம் வரை மழையும் மணியும் பெய்தன. "மேடையே எதிர்ல இருக்கிற மாதிரி சவுண்ட் எவ்வளவு அகலமா விரியுது பாருங்க" என்று ஒருவர் தன் நண்பருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அத்தான் ஓரத்தில் நின்று தலையாட்டினார்.

அக்காவிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். உடனே அவருக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அந்தக் கடைக்காரருக்குப் பிடிச்சுப்போச்சு இல்ல? அப்புறம் எந்த ஒயர் எங்க போனா உங்களுக்கென்ன?"

"அவருக்குப் பிடிச்சது ஸ்பீக்கர் இல்ல. என் தப்பு."

"நல்லதாப் போச்சு. இத்தனை வருஷத்துல உங்க தப்பு ஒருத்தருக்காவது பிடிச்சிருக்கே."

அந்தப் பக்கம் சிரிப்பு மாதிரி ஒன்று கேட்டது. பிறகு, "கடையில போய் மாட்டினதும் 'ஊம்'னு கத்தும். அப்ப அவர் மூஞ்சியை நான்தான் தினம் பார்க்கணும்" என்றார்.

"இப்ப பார்க்கிற முதலாளி மூஞ்சிய விடவா?" என்றாள் அக்கா. போனை வைத்த பிறகு அலமாரியின் காலித் தட்டைத் துணியால் துடைத்தாள். அதை ஏற்கெனவே துடைத்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் என்னோடு வந்தாள். அவர் வேலை செய்வதை அவள் அதுவரை பார்த்ததே கிடையாது. நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தோம். முதலாளி கோட்டுப் போட்டிருந்தார். கடைக்காரர் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்து நடு நாற்காலியில் அமர்ந்தார். அத்தான் பாட்டைப் போட்டார். 'ஊம்.' காலையிலேயே ஒயரைச் சரிசெய்து வைத்திருந்தார்.

சாவிக்கொத்து நின்றது. "வெள்ளிக்கிழமை இப்படி இல்லையே."

"ஆம்ப்ளிஃபையர் இன்னும் சூடேறல. கொஞ்ச நேரம் போனா..." என்று முதலாளி எழுந்தார்.

"அது இல்ல சார்" என்றார் அத்தான். "வெள்ளிக்கிழமை நீங்க கேட்டது என் தப்பு. ஒயரை மாத்தி மாட்டியிருந்தேன். இதுதான் சரி. ரூம் சின்னது, அதான் இப்படிக் கேக்குது."

"கேபிள் புதுசு..." என்று முதலாளி மெதுவாகச் சொன்னார்.

"கேபிள் ஒண்ணும் பண்ணல சார்."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கடைக்காரர் ஸ்பீக்கர்களைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார்.

"அந்தத் தப்பை இன்னொரு தடவை பண்ணு, பார்ப்போம்."

அத்தான் முழங்கால் போட்டார். ஒயர் மாறியது. மழை பெய்தது. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பாடகர் குழு முடியும் வரை திறக்கவில்லை.

"இதேதான். என் ரூமுக்கு இப்படியே மாட்டிடு."

"சார், இதுல பாடுறவங்க எங்க நிக்கறாங்கன்னே தெரியாது."

"எங்க வேணா நிக்கட்டும். வர்றவன் உட்கார இடம் இருந்தா போதும் எனக்கு."

முதலாளி சிரித்தார்; நிம்மதிச் சிரிப்பு. அத்தான் சிரிக்கவில்லை. முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பயம், எதையாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடப் போகிறாரே என்று.

"ஒண்ணு கேக்கணும் சார். யாராவது சொந்தப் பாட்டு கொண்டு வந்தா அதைப் போடுவேன். அடுத்த ரவுண்டுன்னு சொல்லமாட்டேன். அப்ப மட்டும் ஒயரைச் சரியா மாத்திக்குவேன்."

கடைக்காரர் அவருடைய முழங்காலைப் பார்த்தார். "ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு நிமிர்றவன் நீ. எனக்கென்ன வந்தது? போட்டுக்கோ."

கடைக்காரரும் முதலாளியும் பேசி முடிக்க வெளியே போனதும் அக்கா எழுந்து நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "என்ன போடட்டும்?" என்று கேட்டார் அத்தான்.

"ஒண்ணும் போட வேண்டாம். சித்த நேரம் சும்மா இருங்க."

பக்கத்து அறையின் மேளம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. அவர் மூலையிலிருந்து ஒரு மெத்தையை இழுத்துப் போட்டு அதன் விளிம்பில் உட்கார்ந்தார்.

இப்போது அவர் கடைக்கு நடந்து போய் நடந்து வருகிறார். சட்டைகள் அலமாரியில் இருக்கின்றன. கடைக்காரரின் கேட்பறைக்குக் கண்ணாடிச் சுவர். ஓட்டல் அறையைவிட மோசமாக 'ஊம்' என்கிறது என்பதால் நாள் முழுக்க ஒயர் தப்பாகத்தான் இருக்கிறது. வாங்கிப் போகிறவர்களின் வீட்டில் அவரே போய்ச் சரியாக மாட்டிவிட்டு வருகிறார். கடையில் கேட்ட மாதிரி இல்லையே என்று சிலர் போன் செய்கிறார்கள். ரூம் சின்னது என்று முன்பு கண்காட்சியில் சொன்ன பதிலையே இப்போது போனில் சொல்கிறார். களைப்பு அப்படியேதான் இருக்கிறது; இடம் மட்டும் மாறியிருக்கிறது. அவ்வப்போது யாராவது ஒரு பழைய பாட்டோடு வருகிறார்கள். அப்போது கீழே குனிகிறார்.

போன வாரம் போனில் பேசும்போது, அத்தானுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது என்று அக்கா சொன்னாள். எனக்குக் கவலையாகிவிட்டது. அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "முன்பக்கம் ஒரு சுவிட்ச் வெச்சுக்கலாமே அத்தான்? சரியும் தப்பும் ஒரு விரல்ல மாறிடுமே" என்றேன்.

"சுவிட்ச் வெச்சா யார் வேணா அமுக்குவாங்க, மாப்ளே. குனியறதுன்னா கடையில என்னைத் தவிர ஆள் கிடையாது."

பின்னால் அடுப்படி ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டில் இருந்தும் அக்கா ஏன் அதை அணைக்கவில்லை என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அக்கா போனை வாங்கிக்கொண்டாள்.