பொம்மைக்குக் கட்டிய வயிறு

அந்தத் துணிக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மைகளுக்கெல்லாம் உடுத்திவிடுவது அவள் வேலை. கழன்ற கையை மாட்டுவாள், மொட்டைத் தலைக்கு முடி வைப்பாள், தொளதொள சட்டையை முதுகுப் பக்கம் ஊசி குத்தி இறுக்கி, அளவெடுத்துத் தைத்த மாதிரி காட்டுவாள். கடையில் அவளுக்குப் பெயரே பொம்மைக்காரிதான். பொம்மைகளிடம் அவளுக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. அதுகள் வாயைத் திறந்து, "என்ன, விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கேட்காது.

மனுஷர்கள் கேட்டார்கள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது, கேட்காமல் இருப்பார்களா? மாதவிலக்கு தனக்குத் தோன்றியபோது வந்தது, தோன்றாதபோது இரண்டு மூன்று மாதம் தலைமறைவானது. உடம்பு பெருத்தது. தாடையில் முடி முளைத்தது. டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீர்க்கட்டிப் பிரச்சினையா இருக்கலாம். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பாத்துட்டுத்தான் உறுதியாச் சொல்ல முடியும். பயப்படாதீங்க, இதோட பிள்ளை பெத்தவங்க எத்தனையோ பேர்" என்றார்.

"இருக்கலாம்" என்று சொன்னதை டாக்டரம்மாவைத் தவிர ஒருத்தரும் மதிக்கவில்லை. கடையிலும் குடியிருப்பிலும் வைத்தியம் தூள் பறந்தது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், நாளெல்லாம் நாற்காலியை விட்டு அசையாதவர், "ஓடணும்மா, தினம் ஓடணும்" என்றார். தையல் பிரிவு அக்கா, "ஐயையோ, ஓடினா கர்ப்பப்பை இறங்கிடும்" என்று நெஞ்சில் கை வைத்தாள். மாமியார் காலையில் வெந்தயத் தண்ணீர் கொடுத்தாள். மாமியாரின் தங்கை ஃபோனில் கூப்பிட்டு வெந்தயத்தை நிறுத்தச் சொல்லிப் பட்டைத் தண்ணீருக்கு மாற்றினாள். எதிர் வீட்டு ரேடியோ அக்கா, தன் ஓரகத்தி எதுவுமே சாப்பிடாமல் இரட்டைப் பிள்ளை பெற்ற கதையை மாடிப்படியில் மறித்து வைத்துச் சொன்னாள். அவளை ரேடியோ என்று கூப்பிடுவது அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

இவர்கள் யாரும் வாயே திறக்காத விஷயம் ஒன்று இருந்தது. டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது அதைத்தான்: "உங்க வீட்டுக்காரரும் ஒரு டெஸ்ட் எடுக்கணும். ரெண்டு பேரோடதையும் வச்சிப் பாத்துத்தான் குழந்தைக்கான மருந்தை ஆரம்பிப்பேன். ஒரு பக்கம் மட்டும் பாத்து மாத்திரை குடுக்க மாட்டேன்."

அவள் ரத்தம் கொடுத்தாள், ஸ்கேன் எடுத்தாள். வீட்டுக்காரர் டிமிக்கி கொடுத்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் உச்சிக்கெல்லாம் போய்வருகிறவர், பரிசோதனைக் கூடம் இருந்த முதல் மாடிக்கு மட்டும் ஏற மாட்டேன் என்றார். ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டது, ஒருநாள் அவசர வேலை வந்தது. ஒருநாள், "அந்தக் கட்டடத்துல லிஃப்டே இல்ல, தெரியுமா?" என்று ஒரு காரணம் சொன்னார் பாருங்கள், அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அவனுக்கு எதுக்கும்மா டெஸ்ட்டு? அவன் நல்லாத்தானே இருக்கான்" என்று மாமியார் வேறு ஒத்து ஊதினாள். மருந்து தொடங்காமலே மாதங்கள் போய்க்கொண்டிருந்தன.

இந்த நிலைமையில்தான் கடையில் கர்ப்பிணிகளுக்கான உடுப்புகள் வந்திறங்கின. பொம்மைக்கு வயிறு ஒட்டிக் கிடந்தது. அதில் அந்தக் கவுனை மாட்டினால் கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கியது. அதனால் சாலைக்கு எதிர்ப்புறக் கிடங்கில் உட்கார்ந்து, பஞ்சு அடைத்து, இடுப்பில் கட்ட நாடா வைத்து, ஒரு வயிறு தைத்தாள். வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வயிறு அத்தனை பொருத்தமாக வந்திருந்தது.

அதைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கூடவே தூக்கிப்போகக் கவுன்கள் இருந்தன, பொம்மையின் கை ஒன்று இருந்தது. வயிற்றைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு, மேலே கடை மேலங்கியைப் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தாள். பஸ் ஒன்று அவளுக்காக நின்றது. முன்பின் தெரியாத ஒருவர் கையை நீட்டி வண்டிகளை மறித்தார். நடைபாதையில் ரேடியோ அக்கா காய்கறிப் பையோடு நின்றிருந்தாள். பை நழுவி விழுந்ததைக்கூட அவள் குனிந்து எடுக்கவில்லை.

அப்புறம் என்ன! அவள் பொம்மைக்கு வயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் குடியிருப்பு முழுக்கச் சேதி போய்விட்டது. நேற்றுவரை இல்லாத வயிறு ஒரே நாளில் எப்படி ஆறு மாதமானது என்று கேட்க ஒரு ஆத்மாவுக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களுக்கும் ரேடியோ அக்காவிடம் பதில் தயாராக இருந்தது: "இத்தனை நாளா நாமதான் அதக் கொழுப்புன்னு நெனச்சிட்டோம்!"

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்டயே மறைச்சிட்டியேம்மா!" அவள் கண் கலங்கியிருந்தது. மருமகளின் வயிற்றைப் பார்த்தாள், ஒன்றுமில்லை. அதற்கும் அசரவில்லை. "சாயங்காலமானா உள்ள அடங்கிடும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"அத்தை, அது பஞ்சு. பொம்மைக்குத் தெச்சது."

"பஞ்சா?" மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் சுண்டிப்போனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது. "எவளாவது அதைப் போய் இடுப்புல கட்டிக்கிட்டு ரோட்டுல நடப்பாளா?"

"ரெண்டு கையிலயும் சாமான் இருந்துச்சு அத்தை."

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் வந்தபோது அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். அவர் கருவிப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தார்.

"உங்க காதுக்கும் வந்துடுச்சா?"

"மூணு கட்டடத்துல கை குலுக்கிட்டாங்க. ஒருத்தர் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறாரு, உள்ளேயிருந்தே வாழ்த்துச் சொல்றாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நன்றின்னு சொன்னேன்."

"ஏங்க, பொய்யின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாமலா? போன வாரம் நீ வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சுருண்டு கெடந்தப்போ சுடுதண்ணி வச்சுக் குடுத்தது யாரு, நான்தானே?" அவர் தம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார். "தெரிஞ்சுதான் சொன்னேன். சொல்றதுக்கு நல்லா இருந்துச்சு."

அவள் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நானும் அத்தைகிட்டப் பொய்தான் சொன்னேன்" என்றாள். "ரெண்டு கையிலயும் ஒண்ணும் சாமான் இல்ல. ஒரு கை சும்மாத்தான் இருந்துச்சு. கட்டிப் பாக்கணும்னு ஆசை வந்துச்சு, கட்டிக்கிட்டேன். அந்தச் சும்மா கையால அதத் தாங்கிக்கிட்டே நடந்தேன்."

குக்கர் விசில் அடித்தது. அவர் போய் அடுப்பை அணைத்தார்.

"போய்ப் பாத்து, குறை எம்மேலன்னு வந்துட்டா?" என்றார், அடுப்பைப் பார்த்தபடியே.

"வந்தா என்ன? வெந்தயத் தண்ணி உங்களுக்கும் ஒரு தம்ளர் வைப்பேன். நான் மட்டும் ஏன் குடிக்கணும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலையில எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்று கேட்டார்.

மறுநாள் காலை இருவரும் பரிசோதனைக் கூடத்தின் வாசலுக்கு வந்தார்கள். அவர் மாடிப்படியை அண்ணாந்து பார்த்த பார்வையைப் பார்த்தால், கழுமரத்துக்குத்தான் போகிறாரோ என்று தோன்றும். முதல் படியில் கால் வைத்தார், எடுத்தார். அந்த நேரம் பார்த்தா ரேடியோ அக்கா எதிர்ச்சாரியில் வர வேண்டும்! "பஞ்சு" என்று மாமியார் ராத்திரியே வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் அவள் நம்பவில்லை. கண் படும் என்று மறைக்கிறார்களாம்.

"ஏம்மா! இந்த நேரத்துல மாடிப்படி ஏறலாமா?" தெருவே திரும்பிப் பார்க்கும்படி அங்கிருந்தே கத்தினாள். "உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?"

பொம்மைக்காரி நிதானமாகத் திரும்பினாள். நாலு வருஷமாகத் தலையைக் குனிந்துகொண்டே கேட்டவள், அன்றைக்குக் குனியவில்லை.

"இன்னைக்கு டெஸ்ட் எனக்கில்லக்கா, இவருக்கு!" என்றாள், அதே சத்தத்தில்.

தெரு மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. அதற்கு மேல் கீழே நிற்பதில் பயனில்லை என்று வீட்டுக்காரருக்கும் புரிந்திருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். பாதிப் படியில் நின்று, பின்னால் பார்க்காமலே, ஒரு கையை மட்டும் கீழே நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.