சீக்கன்ஹௌஸ் எங்கே இருக்கிறது?

தொண்ணூற்றெட்டில் என் கணவர் மேற்படிப்புக்காக ஹாலந்து போனார். அணைக்கட்டு வேலை பார்க்கும் பொறியாளர் அவர். நான் கொல்லிமலையில், செம்மேட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை. பள்ளிக்குப் பக்கத்திலேயே வாடகை வீட்டில் தனியாக இருந்தேன்.

கடிதம் எழுத உட்கார்ந்தால் அவருக்கு ஊர்ப் பெயர்கள்தான் விஷயம். தான் தங்கியிருக்கும் டெல்ஃப்ட் என்ற பெயருக்குத் 'தோண்டியது' என்று பொருள், வாய்க்கால் வெட்டி உண்டான ஊர் என்று முதல் கடிதத்தில் எழுதினார். ரோட்டர்டாம் என்றால் ரோட்டே ஆற்றின் அணை. டைக் என்று முடிந்தால் கரை. ஸூட்டர்மேர் என்றால் நல்ல தண்ணீர் ஏரி. ஏரியை எந்தக் காலத்திலோ இறைத்து வற்றவைத்துவிட்டார்கள், பெயர் மட்டும் ஊருக்கு நிற்கிறது. ஹௌஸன் என்று ஓர் ஊர், அதற்கு வெறுமனே வீடுகள் என்றுதான் பொருளாம்.

அவர் ரசித்து எழுதியதை நான் பயந்துகொண்டே படித்தேன். எந்தப் பெயரைப் பிரித்தாலும் உள்ளே தண்ணீர் இருந்தது. வகுப்பு அட்லஸில் அந்த நாட்டின் கால்வாசி, கடல் மட்டத்துக்குக் கீழே என்று போட்டிருந்தது. "எங்க ஊர்ப் பேருல மேடு இருக்குது. உங்க ஊர்ப் பேருல எல்லாம் பள்ளந்தான். பாத்து இருங்க" என்று பதில் எழுதினேன்.

ஞாயிறுதோறும் பள்ளிக்கு எதிர்க்கடைக்குப் போன் செய்வார். அடுத்த வருடம் ஐப்பசி மழையில் மலையின் லைன் அறுந்தது. இரண்டு ஞாயிறு போனது. கடிதமும் வரவில்லை. மூன்றாம் வாரம் சனிக்கிழமை காலை, அவர் கடிதங்களை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் மற்றவர்களுக்கு வாந்தி வந்தது. எனக்கு எதுவுமே தெரியவில்லை.

சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பாய் நோட்டுப் புத்தகக் கடையோடு டெலிபோன் பூத்தும் வைத்திருந்தார். அவரே எண்ணைப் போட்டுக் கொடுத்தார். எடுத்தது என் கணவர் தங்கியிருந்த வீட்டுக்காரப் பாட்டி. அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. என் ஆங்கிலம் அதைவிட மோசம். என் கணவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"நோ, நோ. சீக்கன்ஹௌஸ்" என்றார் பாட்டி. இன்னும் ஏதேதோ சொன்னார். திரும்பத் திரும்ப அந்த ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

"வேற ஊருக்குக் குடி போயிட்டாருங்க பாய். சீக்கன்ஹௌஸாம்" என்றேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கையில்லை. என்னிடம் சொல்லாமல் ஏன் போகவேண்டும்?

பாய் விற்பனைக்கு வைத்திருந்த அட்லஸைப் பிரித்தார். இருவரும் விரல் வைத்துத் தேடினோம். இல்லை. கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

"ஹௌஸ்னா வீடுங்க. எழுதியிருக்கறாரு. முன்னாடி வர்ற சீக்கன்தான் என்னன்னு தெரியல."

பாய் அந்தச் சொல்லை இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஏனுங்க டீச்சர், நாம சீக்குன்னு சொல்றோமுங்களே... அந்த மாதிரி, நோவு வந்தவங்க இருக்கற ஊடா இருக்குமுங்களா?"

பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மறுபடி எண்ணைச் சுழற்றினார். அரை மணி நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் நான் மனதுக்குள் என் கணவரை வாய்க்காலில் விழவைத்தேன், கரை உடைத்தேன், அந்த ஊரையே மூழ்கடித்தேன்.

பாட்டி மறுபடி எடுத்தார். "ஹாஸ்பிடல்?" என்று கத்தினேன்.

"யா, யா! ஹாஸ்பிடல்!" அவருக்கும் அப்போதுதான் அந்தச் சொல் கிடைத்தது போலிருக்கிறது. ஒவ்வோர் எண்ணாக அவர் சொல்ல, நான் உரக்கத் திருப்பிச் சொல்ல, பாய் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். அந்த எண்ணில் போன் இரண்டு பெண்களிடம் கைமாறிய பிறகு என் கணவர் குரல் வந்தது.

"அம்மிணி? இந்த நம்பர் எப்படிக் கெடச்சுது?"

குடல்வால் வெடித்து அறுவை சிகிச்சை நடந்திருந்தது. உள்ளே சீழ் பரவியதால் பத்து நாளாகப் படுக்கை.

"ஏனுங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"நீ மலையில தனியா இருக்கற. பயந்துக்குவ. எந்திரிச்சு நடந்ததும் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

"ஊருக்கெல்லாம் பேர் காரணம் எழுதத் தெரியுது. வயித்து வலின்னு எழுதத் தெரியலையா?"

அழுகையோடு கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் எழுந்து கடை வாசலில் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

அடுத்த கோடையில் அவர் படிப்பை முடித்துத் திரும்பினார். வலது அடிவயிற்றில் நீளமாக ஒரு தழும்பு. வலியே இல்லை என்றார். ஆனாலும் சாப்பிட்டு எழுந்து அவர் வயிற்றில் கை வைக்கும்போதெல்லாம், "என்னங்க பண்ணுது?" என்று கேட்டுவிடுகிறேன். ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் நம்புவதில்லை. சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன்.