டொர்மாக் அங்கிளின் சனிக்கிழமை

அமிர்தநாதருக்குத் தலைக்கனம் என்று ஏதாவது இருந்ததென்றால் அது அந்தப் பழைய வான் வண்டியைப் பற்றியதுதான். ஊர்காவற்றுறையிலிருந்து ரொறன்ரோ வந்து சேர்ந்தவர், கிழமை நாட்களில் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் லொறி ஓட்டினார். அந்த வேலையைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் பூசைக்கும் போய்விடும். நடுவில் கிடந்த சனிக்கிழமையை, யாரும் வந்து கேட்காமலே, தமிழ் வகுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

எழுதிக் கொடுத்தது படிப்பிக்க அல்ல. இலக்கணம் என்றால் அவர் பத்தடி தள்ளி நிற்பவர். ஸ்காபரோவில் அப்போதுதான் வந்து குவிந்திருந்த குடும்பங்களில் தாயும் தகப்பனும் சனிக்கிழமையும் வேலைக்குப் போனார்கள். பிள்ளைகளை வகுப்புக்குக் கொண்டுபோக ஆளில்லை. நாதர் ஒரு பழைய வானைப் பிடித்து, தொடர்மாடி தொடர்மாடியாகப் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வகுப்பு வாசலில் இறக்கினார். முடிந்ததும் திரும்ப அள்ளிவந்து வீட்டு வாசலில் விட்டார். ஒரு பிள்ளையையும் ஒரு நாளும் தவறவிட்டதில்லை என்பதுதான் அவருடைய பெருமை. மனைவி வேரோனிக்கா அதைக் கோயிலில் கண்டவர் நின்றவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பிள்ளைகளை மாடியிலிருந்து கீழே வரவைக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. ஹோர்ன் அடித்தால் கட்டடத்தைப் பராமரிப்பவன் சண்டைக்கு வருவான். ஆகவே நாதர் இறங்கிப் போய் வாசலிலிருக்கும் பஸர் மணியில் விரலை வைப்பார். வைத்த விரலை எடுக்க மாட்டார். மேலே வீடு முழுக்க அலறும். பிள்ளை ஒரு கையில் கொப்பியும் மறுகையில் ஜக்கெற்றுமாக லிப்டிலிருந்து வெளியே வந்து கண்ணில் தெரிந்தால்தான் விரல் இறங்கும். சாப்பிடாமல் வரும் பிள்ளைகளுக்கு வானில் பணிஸ் வைத்திருப்பார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வான் தெருவால் திரும்பும்போதே மாடிகளிலிருந்து ஒரு கூச்சல் எழும். "டொர்மாக்! டொர்மாக்!" என்று கத்திவிட்டு, பிள்ளைகள் தொண்டை கிழிய உறுமுவார்கள். ஒருவன் பத்து விரலையும் நகம்போல விரித்துக் காட்டுவான். டொர்மாக் என்றால் என்னவென்று நாதருக்குத் தெரியாது. பிள்ளைகளின் ஏதோ விளையாட்டு, தன்னைக் கண்ட சந்தோஷத்தில் விளையாடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். அவரும் வானுக்குப் பக்கத்தில் நின்று விரல்களை விரித்துத் திருப்பி உறுமினார். வருடக்கணக்காக உறுமினார். வீட்டுக்கு வந்து, "பிள்ளையளுக்கு என்னைக் கண்டால் காணும், ஒரே சந்தோஷம், வேரோனிக்கா" என்பார்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். வான் துருப்பிடித்து விழுந்தது. நாதரின் முழங்காலும் ஏறக்குறைய அதே வழியில் போனது. லொறியை விட்டு ஓய்வு எடுத்து, வேரோனிக்காவுடன் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் அவர் பாட்டுக்கு இருந்தவரைத்தான் இந்த வருடம் பழைய மாணவர்கள் தேடிப் பிடித்தார்கள்.

துர்க்கா என்றொரு பெண், அந்நாளில் வானின் முன் இருக்கைக்குச் சண்டை பிடித்தவள், ஒன்றுகூடலை ஒழுங்கு செய்தாள். ஞாயிறு மத்தியானம் அஜின்கோர்ட்டில் ஒரு விருந்து மண்டபம். நாதரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக் ராகுலன் கையில். அவனும் வானில் வந்தவன்தான், இப்போது வீடு விற்கிறான். வீடு விற்கிறவன் கையில் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது கஷ்டம்.

பின்னால் திரையில் இரண்டு படங்கள் விழுந்தன. ஒன்று வானுக்குப் பக்கத்தில் நிற்கும் நாதர். மற்றது பச்சை நிறத்தில் ஒரு கடற்பூதம், வாயைப் பிளந்தபடி, கையில் ஒரு கப்பல்.

"இவை ரெண்டு பேரும்தான் எங்கட சனிக்கிழமையைக் கெடுத்தவை" என்றான் ராகுலன். மண்டபம் சிரித்தது. "ரீவியில டொர்மாக் கார்ட்டூன் போகும். அது கடலுக்குள்ளயிருந்து எழும்பி ஊரை உடைக்கத் தொடங்கவும், கீழ அங்கிள் பஸரை அமத்தவும் சரியாயிருக்கும். எதுக்கு முதல் பயப்பிடுறதெண்டு எங்களுக்குத் தெரியாது. அதால ரெண்டுக்கும் ஒரே பேரை வைச்சிட்டம். டொர்மாக் அங்கிள்!"

நாற்பதைத் தாண்டிய மனிதர்கள் கதிரையில் இருந்தபடி விரல்களை விரித்து உறுமினார்கள். நாதரும் சிரித்தார். தோளில் பொன்னாடையோடு மேடையில் நிற்கிற மனிதன் வேறு என்னதான் செய்ய முடியும்?

காரில் வரும்போது வேரோனிக்கா, "உவன் பகிடிக்குச் சொன்னவன்" என்றார்.

"ஓம்" என்றார் நாதர்.

அவருக்கு நொந்துபோய்விட்டது. பூதம் என்று சொன்னதுகூடப் பெரிதில்லை. தன்னைக் கண்டு சந்தோஷத்தில் கத்தினார்கள் என்று இத்தனை வருடம் மனதுக்குள் வைத்திருந்தது பொய்யாகிப் போனதே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதற்குத் திருப்பி உறுமியும் அல்லவா வைத்தார். பொன்னாடையை வேரோனிக்கா மடித்து அலுமாரியில் வைத்ததை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலைத் தேத்தண்ணியோடு, "அந்த டொர்மாக்கை ஒருக்கா எனக்குக் காட்டும்" என்றார்.

வேரோனிக்காவிடம் ஒரு ஐபாட் இருந்தது. பூசை, நாடகம், சமையல் எல்லாம் அவர் அதில்தான். தேடிப் பிடித்துவிட்டார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் பழைய கசெற்றிலிருந்து எடுத்து ஏற்றியிருந்தான். படம் ஓரத்தில் நடுங்கியது.

டொர்மாக் முதலில் பெரிய படத்தில் வந்த பூதமாம். கறுப்பு வெள்ளையில் ஒரு நகரத்தையே மிதித்து நெருப்பு வைத்து, உலகம் முழுக்கப் பேர் எடுத்ததாம். பிறகு அதைச் சின்னப் பிள்ளைகளுக்கென்று கார்ட்டூனாக்கிச் சனிக்கிழமை காலைகளில் விட்டிருக்கிறார்கள். செலவு பார்த்துக் கீறிய படம் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. எந்தக் கடலிலும் அதே அலை. எந்த ஊரிலும் அதே சனம், அதே திசையில் ஓடியது. சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் ஒரே மூலையைப் பல தடவை கடந்தான்.

டொர்மாக் எழும்பியது. துறைமுகத்தை மிதித்தது. பாலத்தை இரண்டாக முறித்தது. ஒரு கப்பலைத் தூக்கிப் பார்த்து உறுமியது.

"காணும், நிப்பாட்டுறன்" என்று வேரோனிக்கா விரலைக் கொண்டுபோனார்.

"விடும். எவ்வளவு கேவலமெண்டு முழுக்கப் பாப்பம்."

ஆகவே முழுக்கப் பார்த்தார்கள். பாதிக்குப் பிறகு கதை திரும்பியது. துறைமுகத்துக்குக் கீழே எரிமலை ஒன்று வெடிக்கக் காத்திருந்ததாம். சனத்தை விரட்டத்தான் டொர்மாக் அவ்வளவு கூத்தும் ஆடியது. ஒரு சின்னப் பெட்டைப்பிள்ளை சங்கு ஊத, அது வந்து, மூழ்கிக்கொண்டிருந்த கப்பலை அடியில் கைகொடுத்துத் தூக்கி, ஆட்களோடு கரையில் வைத்தது. ஒருவரும் நன்றி சொல்லவில்லை. அது பேசாமல் கடலுக்குள் இறங்கிப் போனது. அடுத்ததைப் போட்டார்கள். அதிலும் முன்பாதியில் அட்டகாசம், பின்பாதியில் காப்பாற்றல். அதற்கடுத்ததும் அதே மாதிரி. எழுதியவனுக்கு வேறு கதை தெரியாது போலும்.

வேரோனிக்காவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களே? நல்ல சீவன். பிள்ளையள் இதை நினைச்சுத்தான் உங்களுக்கு அந்தப் பேரை வைச்சிருக்குதுகள்."

நாதர் தலையை ஆட்டினார். "இல்லை. இந்தப் பாதியை அதுகள் பாக்கேல்லை."

"ஏன் பாக்கேல்லை?"

"நான்தானே பஸரை அமத்தினனான்."

உண்மைதான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை டொர்மாக் பாலத்தை முறிக்கிற நேரத்தில் வான் வாசலில் நின்றது. கோடை விடுமுறையில் அந்தக் கார்ட்டூனை நிறுத்தி வேறொன்று போட்டார்கள். காய்ச்சல் என்று நடிக்கலாமென்றால் தாய்மார் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஸ்காபரோத் தமிழ்ப் பிள்ளைகளில் ஒரு தலைமுறைக்கே டொர்மாக் ஊரை உடைப்பது மட்டும்தான் தெரியும். மேடையில் காட்டப் படம் தேடி எடுத்தவர்களும், ஒரு கதையை இருந்து முழுதாகப் பார்க்க நேரமில்லாதவர்கள். டொர்மாக் நல்லது என்று அந்தப் பிள்ளைகள் அறியாமல் பார்த்துக்கொண்டது வேறு யாருமில்லை, டொர்மாக் அங்கிள்தான்.

அந்தச் சனிக்கிழமை பனி கொட்டியது. காலையில் ராகுலன் வந்தான். துர்க்கா அவனுக்கு நல்ல கிழி கிழித்திருந்தாள். அவனுடைய மகள் அட்சயா இப்போது அதே தமிழ் வகுப்பில் படிக்கிறாள். அவளை இறக்கிவிட்டு, கையில் ஒரு கேக் பெட்டியோடு நேரே வந்திருந்தான்.

"அங்கிள், சொறி. சபையில அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது."

"இரு, தம்பி." நாதர் எதிரே இருந்தார். "ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லு. என்னைக் கண்டால் உங்களுக்கு வெறுப்போ?"

ராகுலன் வேரோனிக்காவைப் பார்த்தான். அவர் கேக் வெட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"இப்ப இல்லை, அங்கிள். இப்ப நினைச்சால், நீங்கள் இல்லாட்டி எங்களுக்கு ஒரு எழுத்தும்…"

"இப்ப எனக்கு வேண்டாம். அப்பத்தையைத்தான் கேட்டனான்."

"அப்ப…" அவன் கைகளைப் பிசைந்தான். "ஓம், அங்கிள். சரியான வெறுப்பு. கிழமை முழுக்க அந்தக் கார்ட்டூன் ஒண்டுக்காகப் பாத்துக்கொண்டிருப்பம். அப்பாவும் அம்மாவும் வேலையில. வீட்டில ஆருமில்லை. அது ஒண்டுதான் இருந்தது."

நாதருக்கு இது நேராகப் போய் நெஞ்சில் விழுந்தது. ஆனாலும் அவன் பொய் சொல்லவில்லை என்பதில் ஒரு ஆறுதலும் இருந்தது. ஐபாட்டை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"உதைப் பார். முழுக்கப் பார்."

வீடு விற்கிறவன் மறைந்து போனான். முதல் பாட்டு வந்ததும் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டான். சிவப்புத் தொப்பிக்காரன் ஓட, "உவனை எனக்குத் தெரியும்" என்றான். பாலம் முறிந்தபோது, "இதிலதான் நீங்கள் வருவீங்கள்" என்று சிரித்தான். அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை. அவன் கண் ஒரு நாளும் காணாத இடத்துக்குக் கதை வந்துவிட்டது. நாதர் திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம். சங்கு ஊதினால் போதும். இவன் அறிவான், அறிந்தால் துர்க்காவுக்குச் சொல்வான், துர்க்கா எல்லோருக்கும் சொல்வாள். கிழமை முழுக்க அவர் காத்திருந்தது இதற்குத்தான்.

ராகுலனின் ஃபோன் அடித்தது. அவன் மனைவி நிலாணி, வேலையிடத்திலிருந்து. அவள் குரல் அறைக்கே கேட்டது. "தமிழ் வகுப்பில ஹீற்றிங் வேலை செய்யேல்லையாம். எல்லாப் பிள்ளையளையும் விட்டிட்டினம். போய் அட்சயாவை ஏத்துங்கோ."

"ஓம் ஓம், அஞ்சு நிமிசம்" என்று சொல்லி, கண்ணை எடுக்காமலே ஃபோனை வைத்தான்.

"பிள்ளையோட ஆர் நிக்கிறது?" என்று நாதர் கேட்டார்.

"ரீச்சர் நிப்பா தானே."

"உள்ளயோ, வெளியிலயோ?"

"தெரியேல்லை அங்கிள். இது முடியட்டும், ஓடிப் போயிடுவன்."

திரையில் பெட்டை சங்கைக் கையில் எடுத்தாள். கடல் கொதித்தது. பச்சைத் தலை மேலே வரத் தொடங்கியது. நாதர் யன்னலைப் பார்த்தார். பனி விடுவதாக இல்லை. கையை நீட்டி ஐபாட்டின் மூடியை மூடினார்.

"எழும்பு."

ராகுலன் அவரைப் பார்த்த பார்வையில் நாற்பது வயது இருக்கவில்லை. ஆனால் எழும்பினான். கதவடியில் சப்பாத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே, "கடைசியில என்ன அங்கிள் நடக்கும்? கப்பலையும் உடைச்சுப் போடுமோ?" என்று கேட்டான்.

வேரோனிக்கா வாயைத் திறந்தார். நாதரின் பார்வை அதை மூடியது.

"அட்சயாவையும் பக்கத்தில இருத்தி வைச்சுக்கொண்டு பார். அதுக்கும் காட்டு. இப்ப போ, சப்பாத்துக் கயிறைக் காரில கட்டலாம்."

கதவு சாத்தியதும் வேரோனிக்கா பொரிந்து தள்ளினார். "இன்னுமொரு ரெண்டு நிமிசம். அவன் கண்ணால கண்டிருப்பான். வாயாலயாவது சொல்லியிருக்கலாம். உவன் வீட்ட போய் எங்க பாக்கப் போறான்? அவனுக்கு இருக்கிற வேலைக்குள்ள மறந்துபோவான்."

அது சரிதான் என்று நாதருக்கும் பட்டது. பெரும்பாலும் மறந்துதான் போவான். அவருக்குக் கவலையாக இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

"எனக்கும் விருப்பந்தான், வேரோனிக்கா" என்றார், யன்னலடியில் நின்று, ராகுலனின் கார் பனிக்குள் வழுக்கி வழுக்கித் தெருவில் ஏறுவதைப் பார்த்தபடி. "ஆனால் சொல்லத் தொடங்கினால் அவன் நிண்டு கேப்பான். அங்க பிள்ளை நிக்குதெல்லே."