தலை மேட்டுப்பக்கம்

இரண்டு மூங்கில் கம்பு, இரண்டு கோணிச்சாக்கு. சாக்கின் அடி மூலைகளில் ஓட்டை போட்டுக் கம்புகளைச் செருகினால் அதுதான் எங்கள் ஸ்ட்ரெச்சர். ஆஸ்பத்திரியில் அசல் கான்வாஸ் ஸ்ட்ரெச்சர் ஒன்று இருந்தது, ஆனால் அதை டாக்டர் வாசலைத் தாண்ட விடமாட்டார். எங்கள் சாக்கில் எப்போதும் கடலை வாசனை அடிக்கும். பயிற்சியில் அடிபட்டவராகப் படுப்பது என் மச்சான், அதாவது அக்காவின் கணவர். ஆள் ஒல்லி, தூக்குவதற்கு லேசு. கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, "மாப்ளே, கடலை வாசம் பசியைக் கிளப்புது, வெரசா எறக்குங்க" என்பார். இன்றும் எங்காவது கடலை மூட்டை அவிழ்த்தால் எனக்கு அவர் முகம்தான் வருகிறது.

அது உலகச் சண்டைக் காலம். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அன்னவாசல் பக்கத்துப் பொட்டலைத் தேடி எவனும் குண்டு போட வரமாட்டான் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் காக்கி அரைக்கால் சட்டையும் கைப்பட்டையும் மாட்டிக்கொண்டு தொண்டர் என்று திரிவதில் ஓர் ஆசை. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அந்த ஆசைக்கு ஒரு வேலை கொடுத்தார். ஊருக்கு மேற்கே ஒரு மலை. மலை என்பது மரியாதைக்குச் சொல்வது, மொத்தமும் ஒரே பாறைதான். உச்சியில் முருகன் கோயில். வருசத் திருவிழாவில் யாராவது வழுக்கி விழுந்து கையையோ காலையோ முறித்துக்கொள்வார்கள், தோளில் போட்டுத் தூக்கி வருவதற்குள் முறிந்தது இன்னும் முறியும். அப்படிப்பட்டவர்களைப் பதமாக இறக்கிக் கொண்டுவர ஞாயிறுதோறும் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கட்டுப் போடுவது, முறிந்த எலும்பு அசையாமல் சிம்பு வைப்பது எல்லாம் சொன்னாலும், அவர் அடித்து அடித்துச் சொன்னது ஒன்றைத்தான்.

"எறக்கத்துல கால் முன்னாடி, ஏத்தத்துல தலை முன்னாடி. எப்படிப் போனாலும் தலை மேட்டுப்பக்கம். இதை மறந்தீங்கன்னா அப்பறம் எங்கிட்ட மருந்து கிடையாது."

இதில்தான் சிக்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் கால் முன்னால் போகத் தூக்குவது பிணத்தை. மச்சானைப் படுக்கவைத்து நாங்கள் பாறையிலிருந்து இறங்கிய முதல் வாரமே, கீழே ஆடு மேய்த்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "உசுரோட இருக்குற மனுசனை எதுக்குய்யா இப்படிக் கொண்டாரீங்க?" என்று கேட்டார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர் குழுவை விட்டே நின்றுவிட்டார்கள். மச்சான்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். பாறை முடிந்து சமதரை வந்ததும் "திருப்பு" என்று படுத்தபடியே அவர் குரல் கொடுப்பார், நான்கு பேரும் கீழே வைக்காமலே அரைவட்டம் சுற்றித் தலையை முன்னால் கொண்டுவர வேண்டும். கம்பவுண்டர் சிரித்துவிட்டார். "சமதரையில நீங்க பம்பரமாக்கூடச் சுத்துங்க. சரிவுல மட்டும் வேணாம்" என்றார். கட்டுப் போடுவதில் எங்களுக்குக் கடைசிவரை தடுமாற்றம் இருந்தது. ஆனால் திருப்புவதில் எங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

அந்த வருசத் திருவிழாவில் மச்சான் பாறையின் மேல்பகுதியில், ஏறுகிறவர்களுக்காகக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சூறைத் தேங்காய் உடைத்த தண்ணீர் வழிந்து பாறை எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது. ஒரு பெரியவர் சறுக்கினார். அவரைத் தாங்கப் போனார் மச்சான். பெரியவர் நின்றுகொண்டார், மச்சான் வழுக்கிவிட்டார். இரண்டு ஆள் உயரத்திலிருந்து பின்மண்டை அடிபட விழுந்தார். நாங்கள் ஓடியபோது மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல உதடு அசைந்தது. பழகியபடியே சாக்கில் கிடத்தி, கால் முன்னாடி, தலை மேட்டுப்பக்கமாக இறக்கினோம். முன் கம்பில் நான். குரல் கொடுக்க வேண்டியவரே பேச்சில்லாமல் கிடந்ததால் அந்த வேலையும் என்னுடையதாகிவிட்டது.

பாதிச் சரிவில் அக்கா எதிரே வந்தாள். கையில் அர்ச்சனைத் தட்டோடு மேலே ஏறிக்கொண்டிருந்தவள் முதலில் பார்த்தது தன் புருசனின் பாதங்களைத்தான். தட்டு உருண்டு போயிற்று. "தம்பி, காலை முன்னால விட்டுக் கொண்டாராதடா. அவுகளுக்கு உசுரு இருக்குடா. திருப்புடா" என்று பாறையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். கம்பவுண்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் இத்தனை வருசம் இவ்வளவு வலித்திருக்காது. தெரிந்தே நான் "திருப்பு" என்றேன். மற்ற மூவரும் ஒரு நொடி என்னைப் பார்த்தார்கள், பிறகு திருப்பினார்கள். அவ்வளவு சுத்தமாக நாங்கள் திருப்பியதே இல்லை.

இப்போது தலைப்பக்கத்தோடு முன்னால் வந்துவிட்ட இருவரும் கம்பைத் தோளுக்கு உயர்த்திப் பார்த்தார்கள். அப்படியும் அவர் தலை பள்ளத்துப் பக்கமாகத்தான் தொங்கியது. கொஞ்ச தூரத்தில் மூக்கில் இரத்தம் வந்தது, பிறகு காதில். பிறகு வாந்தி. தொண்டையில் ஏதோ அடைத்துக் களகளவென்று ஒரு சத்தம் கேட்டது. சமதரைக்கு வந்தபோது அந்தச் சத்தமும் இல்லை.

மாலையில் கம்பவுண்டர் வந்தார். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னிடம், "கால் முன்னாடிதானே எறக்குனீங்க?" என்றார். "ஆமாங்க" என்றேன். மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்ப நம்மளால ஆனதைச் செஞ்சாச்சு. மண்டையில அடி. எப்படியும் தங்கியிருக்காது" என்றார். என் பொய்யை நம்பி அவர் சொன்ன ஆறுதல், எனக்கு எந்த வகையில் சேரும்? அடுத்த ஞாயிறு பயிற்சிக்கு ஒருவரும் போகவில்லை.

அக்கா இருபது வருசம் இதை ஊராரிடம் பெருமையாகச் சொல்லிவந்தாள். "நான் ஒரு சொல்லுதான் சொன்னேன், எந் தம்பி திருப்பிட்டான். எங்க வீட்டுக்காரரு பொணமா வரலை, மனுசனா வந்தாரு" என்பாள். ஒவ்வொரு முறையும் நான் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் அவள் வீட்டுப் படியேறி, காபி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

ஒருநாள் புளி உடைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள். "அந்தக் கம்பவுண்டரு, தலை மேட்டுப்பக்கம் இருக்கணும்னு ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தாராமே?"

எவனோ சொல்லியிருக்கிறான். யார் என்று நான் கேட்கவில்லை.

"அதெல்லாம் சும்மா ஒரு இதுக்குச் சொல்றது, அக்கா. மண்டையில அடி, எப்படியும் தங்கியிருக்காதுன்னு கம்பவுண்டரே சொன்னாரு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் மறுபடி புளியை உடைக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு திருப்பிய கதையை அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

போன தை மாதம் அக்கா போய்விட்டாள். வழக்கப்படி கால் முன்னாடி போகத்தான் தூக்கினோம். எனக்கு வயதாகிவிட்டது, தூக்க வேண்டாம் என்றார்கள். கேட்காமல் நானும் ஒரு கம்பைப் பிடித்தேன். வாசற்படி இறங்கும்போது பின்னால் இருந்தவர்கள் கம்பைத் தாழ்த்தினார்கள். "தலையைத் தாழ்த்தாதீங்க, தலை மேட்டுப்பக்கம்" என்று கத்தினேன். "செத்தவளுக்கு இனிமே என்னங்க மாமா மேடும் பள்ளமும்?" என்றான் ஒருவன். இருந்தாலும் உயர்த்திப் பிடித்தார்கள்.